'சும்மா இரு'ன்னா இங்கிலீஷ்ல என்ன பாஸ்?

"மச்சி, எங்கடா இருக்க?"

"இதோ வந்துட்டேன்டா!"

இந்த டயலாக்கைச் சொல்லாத காலேஜ் ஸ்டூடன்ட் தமிழ்நாட்டுல உண்டா? சொல்லும்போது நீங்க எங்க இருப்பீங்கன்னு உங்களுக்கும் தெரியும், உங்க ஃப்ரெண்டுக்கும் தெரியும். ஒரு கையில டூத் பிரஷ், இன்னொரு கையில செல்போன். இன்னும் குளிக்கவே இல்லை. ஆனா வாயில வர்றது 'வந்துட்டேன்'. இறந்தகாலம் பாஸ்! வேலை முடிஞ்சே போச்சு!

இதே இடத்துல ஒரு ஸ்பெயின் நாட்டுப் பையனை நிறுத்திப் பாருங்க. அவன் 'யா போய்' என்பான். கேட்கறதுக்கு நம்ம 'போய்' மாதிரியே இருக்கா? அர்த்தமும் கிட்டத்தட்ட பக்கத்து வீடுதான். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா 'ஏற்கெனவே நான் போறேன்'. லண்டன் பையனா இருந்தா, 'ஐயாம் கம்மிங்'.

ஒருத்தன் வந்துட்டேங்கறான், ஒருத்தன் போறேங்கறான், ஒருத்தன் வந்துக்கிட்டிருக்கேங்கறான். மூணு பேரும் நிக்கிறது பாத்ரூம் வாசல்லதான்! மூணு பேர் சொல்றதும் ஒண்ணுதான்: 'கொஞ்சம் பொறு, வர்றேன்.'

இந்த வாரம் நாம பேசப் போறது இந்த மேட்டரைத்தான். ஒரு மொழியோட வினைச்சொல் தொடர்களை இன்னொரு மொழிக்குத் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்? உடையாம கொண்டுபோய்ச் சேர்க்கறது எப்படி? இதைப் பேச நமக்கு வாகான ஒரு இடம் நம்ம ஊர்லயே இருக்கு. வாங்க, திருவண்ணாமலைக்கு ஒரு டிக்கெட் போடுவோம்.

செங்கம் ரோடு சிலபஸ்

அண்ணாமலையார் கோயில்ல இருந்து செங்கம் ரோட்டுல சுமார் 2 கிலோமீட்டர் போனா ரமணாசிரமம். கார்த்திகை தீப சீசன்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் இந்தப் பக்கம் போனா, டீக்கடை பெஞ்சுல உலக வரைபடமே உட்கார்ந்து டீ குடிக்கும். ஜெர்மன் பேசறவங்க, ஃப்ரெஞ்ச் பேசறவங்க, ஸ்பானிஷ் பேசறவங்க. நம்மாளுங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல பாலமா நிக்கிறது இங்கிலீஷ். அது ரெண்டு பேருக்குமே சொந்த மொழி இல்லை!

வேடிக்கை இங்கதான் ஆரம்பிக்குது. நீங்க தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசறீங்க. எதிர்ல இருக்கற அர்ஜென்டினாக்காரர் ஸ்பானிஷ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசறார். சும்மா கற்பனை பண்ணிப் பாருங்க. நீங்க ஏதோ ஜோக் அடிக்கிறீங்க. அவர் சிரிச்சுக்கிட்டே, "யூ ஆர் டேக்கிங் மை ஹேர்!" என்கிறார்.

கோயில் ஊரு. 'முடி எடுக்கறீங்களா'ன்னு கேட்டா நமக்கு மொட்டை ஞாபகம்தானே வரும்? ஆனா அவர் சொல்ல வந்தது வேற. 'தோமார் எல் பேலோ'ன்னு ஸ்பானிஷ்ல ஒரு தொடர். நேரடி அர்த்தம், முடியை எடுப்பது. நிஜ அர்த்தம், கலாய்ப்பது. 'என்னை ஓட்டறியாப்பா?' அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரர் இதையே 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்பார். அவருக்கு முடி இல்லை, கால். சரி, அதை நாம அப்படியே தமிழ்ல போட்டா? 'காலை வாரிட்டான்!' அது துரோகம்! கூட்டணிக் கட்சிக்காரங்க சொல்ற வார்த்தை! ஸ்பெயின்ல முடி, இங்கிலாந்துல கால், நம்ம ஊர்ல காதுல பூ. விளையாட்டு ஒண்ணு, உறுப்பு மட்டும் வேற வேற.

அடிச்சது யாரு?

ஏன் இப்படி ஆகுது? காரணம் சிம்பிள். எந்த மொழியிலயும் ரொம்ப ஆபத்தான சொற்கள் பெரிய பெரிய வார்த்தைகள் இல்லை. எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிஞ்ச குட்டி வினைச்சொற்கள்தான். கொடு, எடு, போடு, அடி, விடு, வாங்கு.

'அடி'யை எடுத்துக்குங்க. சைட் அடிக்கிறோம். கிளாஸ் கட் அடிக்கிறோம். பெயிண்ட் அடிக்கிறோம். மொட்டை அடிக்கிறோம். வெயில் அடிக்குது. போர் அடிக்குது. இதுல எங்கயாவது யாராவது யாரையாவது அடிச்சாங்களா? 'போடு'ம் அப்படித்தான். கடலை போடறவன் கையில கடலை இருக்காது. மொக்கை போடறவன் எதையும் கீழே போடறதில்லை. பல்பு வாங்கினவன் கடைக்கே போகலை. அல்வா கொடுத்தவனுக்கும் திருநெல்வேலிக்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் குட்டி வினைகள் ஒரு பெயர்ச்சொல்லோட சேர்ந்த உடனே தன் சொந்த அர்த்தத்தைக் கழட்டி வச்சுடும். ரெண்டும் சேர்ந்து புதுசா ஒரே ஒரு அர்த்தம்தான். பாலையும் டிகாக்‌ஷனையும் கலந்த பிறகு காபியில இருந்து பாலைத் தனியா எடுக்க முடியுமா? அந்தக் கதைதான்.

ஸ்பானிஷ்ல இந்த வேலையைச் செய்யற ஹீரோ 'தார்', அதாவது 'கொடு'. 'தார் லா லாத்தா'ன்னா தகர டப்பாவைக் கொடுப்பது. அர்த்தம், நச்சரிப்பது. நாம 'உயிரை வாங்கறான்' என்போமே, அது. 'தார் உன் பசேயோ'ன்னா ஒரு நடை கொடுப்பது. இங்கிலீஷ்காரர் நடையை 'எடுப்பார்', டேக் எ வாக். நாம வாக்கிங் 'போவோம்'. 'தார் ஆ லூஸ்'னு ஒண்ணு இருக்கு. பயந்துடாதீங்க, யாரும் உங்களை லூஸுன்னு திட்டலை. 'லூஸ்'னா வெளிச்சம். வெளிச்சத்துக்குக் கொடுப்பதுன்னா குழந்தை பெறுவது. எவ்வளவு அழகு பாருங்க! இதை 'ஷீ கேவ் டு லைட்'னு மொழிபெயர்த்தா, கரண்ட் பில் கட்டின மாதிரி இருக்கும். 'ஷீ கேவ் பெர்த்'தான் சரி.

திருவண்ணாமலைக்கே உரிய உதாரணம் ஒண்ணு. பௌர்ணமி அன்னிக்கு நாம என்ன பண்றோம்? 'மலை சுத்தப் போறோம்.' 14 கிலோமீட்டர் கிரிவலம். இதை இங்கிலீஷ்ல அப்படியே 'ரொட்டேட் த மவுன்டன்'னு சொன்னா, வெளிநாட்டுக்காரர் மலையை அண்ணாந்து பார்த்துட்டு உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஸ்பானிஷ்ல 'மலைக்கு ஒரு சுத்து கொடுப்பது'ன்னு சொல்வாங்க. நமக்கும் அவங்களுக்கும் 'சுத்து' பொது. ஆனா இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் போய் நிக்க வேண்டிய இடம், 'வாக் அரவுண்ட் த ஹில்'.

ஸ்பெயின் காலேஜ்லயும் நம்ம கதைதான்

உங்க கேம்பஸ் ஸ்லாங் உங்களுக்கு மட்டும்தான் சொந்தம்னு நினைச்சீங்களா? ஸ்பெயின் பசங்களைக் கேளுங்க.

கிளாஸ் கட் அடிக்கறதுக்கு அங்க 'ஆசேர் நோவில்யோஸ்'. நேரடி அர்த்தம், இளங்காளை பண்ணுவது! ஜல்லிக்கட்டு ஊர்க்காரங்களுக்கு இது சட்டுனு பிடிச்சுடும்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விடிய விடிய மக் அடிக்கிறோமே, அதுக்கு 'எம்போல்யார்'. நேரடி அர்த்தம், அடைகாப்பது! கோழி முட்டை மேல உட்கார்ந்த மாதிரி புத்தகத்து மேல உட்கார்றது. குஞ்சு பொரிக்குமா, அரியர் பொரிக்குமாங்கறது அவரவர் ராசி.

ஹால்ல கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் தலைக்குள்ள எல்லாம் காலி ஆகிடுதா? 'கேதார்சே என் பிளாங்கோ'. வெள்ளையா நின்னுட்டேன். நாமளும் 'பிளாங்க் ஆயிட்டேன்'னுதான் சொல்றோம். இது மட்டும் ஊர் ஊருக்கு ஒரே கலர்!

பிட்டுக்கு அங்க 'சுலேத்தா'. அப்படின்னா எலும்போட வெட்டின விலாக்கறி. பிட்டைக் கறின்னு சொல்ற ஊரு! சூப்பர்வைசர் மூக்குக்கு எட்டாம இருந்தா சரி.

காதலி வர்றேன்னு சொல்லிட்டு வரலையா? 'தேஹார் பிளான்தாதோ', செடி மாதிரி நட்டு வச்சுட்டுப் போயிட்டா. நாம 'அல்வா கொடுத்துட்டா' என்போம். இங்கிலீஷ்ல 'ஷீ ஸ்டுட் மீ அப்'. பஸ் ஸ்டாண்டுல வேரூன்றி நின்ன அனுபவம் இருக்கறவங்களுக்கு ஸ்பானிஷ்தான் கரெக்டா தோணும்.

அடுத்த செமஸ்டர்லயாவது உருப்படணுமா? 'போனேர்சே லாஸ் பிலாஸ்'. பேட்டரியைப் போடு! இதுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், நாளைக்கே ஹாஸ்டல்ல பரப்பிடலாம்.

மொழிபெயர்க்க நாலு படி

சரி, ஜாலியா சிரிச்சாச்சு. இனி தொழில் ரகசியம். ஸ்பானிஷோ, தமிழோ, இந்த மாதிரித் தொடரை இங்கிலீஷுக்குக் கொண்டு போகணும்னா என்ன செய்யணும்?

முதல் படி: தனியா நிக்கற வினைச்சொல்லை நம்பாதீங்க. அது யாரோட கூட்டு சேர்ந்திருக்குன்னு பாருங்க. 'போட்டான்'னு மட்டும் இருந்தா ஒண்ணும் தெரியாது. எதைப் போட்டான்? கடலையா, மொக்கையா, மண்டையையா?

ரெண்டாவது படி: யார், யார்கிட்ட, எந்த மூடுல சொல்றாங்க? 'எஸ்திரார் லா பாத்தா'ன்னா காலை நீட்டுவது, அதுவும் மிருகத்தோட காலை. அர்த்தம், செத்துப் போவது. ஆனா நம்ம 'மண்டையைப் போட்டான்' ரகம். ஃப்ரெண்டோட தாத்தா தவறிட்டார்னு துக்கம் விசாரிக்கப் போன இடத்துல 'தாத்தா மண்டையைப் போட்டுட்டாராமே'ன்னு கேட்பீங்களா? காலமானார்னுதானே சொல்வீங்க. இங்கிலீஷ்லயும் 'கிக்டு த பக்கெட்' வேற, 'பாஸ்டு அவே' வேற. அர்த்தம் சரியா இருந்தும் மரியாதை தப்பிப் போனா, மொழிபெயர்ப்பு மொத்தமும் தப்பு.

மூணாவது படி: படத்தை விட்டுட்டு, அந்தப் படம் செய்யற வேலையைப் பிடிங்க. ஒரு பொருள் எக்கச்சக்க விலைன்னா ஸ்பானிஷ்காரர் 'முகத்துல ஒரு கண்ணு செலவாச்சு' என்பார். இங்கிலீஷ்காரர் 'ஒரு கையும் ஒரு காலும்' என்பார். நாம யாரும் கண்ணையோ காலையோ கொடுக்க மாட்டோம். 'யானை விலை குதிரை விலை சொல்றான்' என்போம். கண்ணைக் கொண்டுபோய் இங்கிலீஷ்ல கொடுத்தா ஆஸ்பத்திரி வாசனை வரும். கையையும் காலையும் கொடுத்தாத்தான் விலை புரியும்.

நாலாவது படி: பொருத்தமான தொடர் கிடைக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. இதுல அவமானமே இல்லை. 'எச்சார் தே மேனோஸ்'னு ஸ்பானிஷ்ல ஒரு தொடர். பிரிஞ்சு போனவங்களுக்காக ஏங்கறது. வார்த்தை வார்த்தையா பிரிச்சா 'எறி', 'குறைவு'ன்னு ஏதோ வரும், ஒண்ணும் விளங்காது. இங்கிலீஷ்ல 'ஐ மிஸ் யூ'ன்னு மூணே வார்த்தை. நம்ம தமிழ்ல? ஹாஸ்டலுக்குப் போன பிள்ளைகிட்ட அம்மா போன்ல 'உனக்காக ஏங்கறேன்'னா சொல்றாங்க? 'நீ இல்லாம வீடே வெறிச்சுனு இருக்குடா' என்பாங்க. அதுதான் நம்ம 'ஐ மிஸ் யூ'. அதுல 'மிஸ்'சும் இல்லை, 'யூ'வும் பாதிதான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் இருக்கற பையனுக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரு உஷார் நோட்டீஸும் உண்டு. ஸ்பானிஷ் பேசற ஊர்ல ஹோட்டல் ரூம் கதவுல 'நோ மோலெஸ்தார்'னு ஒரு அட்டை தொங்கும். பார்த்துட்டு போலீஸுக்கு போன் போட்டுடாதீங்க! 'தொந்தரவு செய்யாதீர்கள்'னு அர்த்தம், அவ்வளவுதான். இங்கிலீஷ்ல 'மொலெஸ்ட்' எவ்வளவு பெரிய குற்றம்! ஒலியை நம்பி அர்த்தத்தைக் கொடுத்தா, கொசுவை விரட்டச் சொன்னது கோர்ட் கேஸ் ஆயிடும்.

இம்போசிஷன் எழுதாத பையன்

இப்ப மறுபடி ரமணாசிரமத்துக்கு வருவோம். இங்க ஒரு பழைய கதை இருக்கு. இங்கிலீஷ் கிராமரைக் கண்டாலே காத தூரம் ஓடறவங்க கண்டிப்பா கேட்கணும்.

மதுரையில, அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல்ல, வேங்கடராமன்னு 16 வயசுப் பையன். இங்கிலீஷ் பாடத்தைச் சரியா படிக்கலைன்னு வாத்தியார் இம்போசிஷன் கொடுத்தார். பெய்ன் எழுதின இங்கிலீஷ் கிராமர் புத்தகத்துல இருந்து ஒரு பாடத்தை மூணு தடவை எழுதணும். 1896 ஆகஸ்ட் 29. பையன் ரெண்டு தடவை எழுதினான். மூணாவது தடவை எழுதும்போது 'இதெல்லாம் எதுக்கு'ன்னு தோண, நோட்டை மூடி வச்சான். அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்காகக் கொடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டு ரயில் ஏறினான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை. அதுக்கப்புறம் 1950-ல் மறையும் வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

கொடுமையைப் பாருங்க. இங்கிலீஷ் கிராமரைப் பாதியில மூடி வச்ச பையன் பேசின தமிழை இங்கிலீஷ்ல கொண்டுவர, அப்புறம் எத்தனை பேர் மண்டையைக் குடைஞ்சிருக்காங்க தெரியுமா!

1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளைங்கறவர் கேள்விகள் கேட்டார். அப்ப ரமணர் பேசறதில்லை. பதிலை எழுதிக் காட்டினார். அது 1923-ல் 'நான் யார்?'ங்கற சின்னப் புத்தகமா வந்தது. பால் பிரண்டன் மாதிரி வெளிநாட்டுக்காரங்க வந்தப்ப நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பிரண்டன் எழுதின புத்தகம் 1934-ல் வெளியாகி, அந்த ஹாலுக்கு உலகத்தையே கூட்டிட்டு வந்தது. 1935-ல் இருந்து 1939 வரை முனகால வெங்கடராமையா, அங்கே நடந்த உரையாடல்களை இங்கிலீஷ்லயே குறிச்சு வச்சார். அது 1955-ல் பெரிய புத்தகமாச்சு.

'நான் யார்?'ங்கற தலைப்பையே எடுத்துக்குங்க. ரெண்டே வார்த்தை. வினைச்சொல் எங்கே? தேடிப் பாருங்க, கிடையாது! தமிழுக்குத் தேவையில்லை. ஆனா இங்கிலீஷ் 'ஹூ ஐ?'ன்னு விடாது. 'ஆம்' போட்டே ஆகணும். ஸ்பானிஷுக்குப் போனா இன்னும் சிக்கல். அங்க 'இரு'வுக்கு ரெண்டு வினை. 'சேர்'னா இயல்பிலேயே அப்படி இருப்பது. 'எஸ்தார்'னா இப்போதைக்கு அப்படி, அல்லது ஒரு இடத்துல இருப்பது. ஒரு லெக்சரர் கிளாஸ் எடுக்கறார், உங்களுக்குத் தூக்கம் வருதுன்னு வைங்க. அவர் அறுவைன்னா 'சேர்'. உங்களுக்குப் போர் அடிக்குதுன்னா 'எஸ்தார்'. பெயரடை ரெண்டுக்கும் ஒண்ணே. 'ஐயாம் போரிங்'னு சொல்லி நாம பல்பு வாங்கற இடம் இருக்கே, அதே இடத்துல ஸ்பானிஷ்காரரும் வாங்குவார்!

'நான் யார்?'க்கு ஸ்பானிஷ்காரர் எடுத்தது 'சேர்' குடும்பத்து வினையை. 'கியென் சோய் யோ?' இப்போதைக்கு யார்னு இல்லை, இயல்பிலேயே யார்னு கேள்வி. தமிழ்ல இல்லவே இல்லாத வினைச்சொல்லுக்கு ஸ்பானிஷ்ல ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. மொழிபெயர்ப்பாளர் படற பாடு இதுதான்.

சும்மாவா சொன்னாங்க?

இப்ப க்ளைமாக்ஸ். ரமணர் உபதேசத்துல அடிக்கடி வர்ற ஒரு தொடர், 'சும்மா இரு'. இது அவர் கண்டுபிடிச்சதும் இல்லை. அதே திருவண்ணாமலையோட பேர் சேர்ந்த அருணகிரிநாதர், முருகன் தனக்குச் சொன்ன உபதேசம்னு 'கந்தர் அனுபூதி'யில இதைத்தான் சொல்றார். தாயுமானவரும் பாடியிருக்கார். உங்க பாட்டியும் சொல்லியிருக்காங்க, நீங்க சின்ன வயசுல திண்ணையில குதிச்சப்ப!

மொதல்ல 'சும்மா'வைப் பாருங்க. 'ஏன் வந்த?' 'சும்மா.' அது காரணம் இல்லாம. 'சும்மா கொடுத்தான்.' இலவசமா. 'சும்மா சொன்னேன்.' விளையாட்டுக்கு. 'சும்மா சும்மா கூப்பிடாதே.' அடிக்கடி. 'வண்டி சும்மாதான் கிடக்கு.' உபயோகம் இல்லாம. 'சிவாஜி' படத்துல (2007) ரஜினி சொன்ன 'சும்மா' இது எதுலயுமே சேராது! ஆறுக்கும் இங்கிலீஷ்ல ஆறு வார்த்தை தேடணும்.

இப்ப 'சும்மா இரு'வை இங்கிலீஷ்ல போடுங்க பார்ப்போம். 'கீப் கொயட்'? அது வாயை மட்டும் மூடச் சொல்லுது. 'டோன்ட் டு எனிதிங்'? சோம்பேறியா இருக்கச் சொல்ற மாதிரி ஆகிடுது. உபதேசம் சொல்றது சோம்பலை இல்லை. மனசு ஓடாம நிக்கறதை. அது எவ்வளவு கஷ்டம்னு வடிவேலு காமெடியில பார்த்தவங்களுக்கே தெரியும். 'ஜஸ்ட் பீ'? பக்கத்துல வருது. ஆனா எந்த லண்டன் பாட்டியும் பேரனைப் பார்த்து 'ஜஸ்ட் பீ'ன்னு அதட்ட மாட்டாங்க. 'பீ ஸ்டில்'? பல மொழிபெயர்ப்புல இதுதான் இருக்கு. அதுக்கு ஒரு காரணமும் உண்டு. பைபிள்ல 46-வது சங்கீதத்துல இந்த ரெண்டு வார்த்தை வருது. வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசும்போது ரமணரே அந்த வசனத்தை எடுத்துக் காட்டியிருக்கார். கேட்கறவரோட வீட்டுல ஏற்கெனவே இருக்கற வார்த்தையைத் தேடி எடுத்துக் கொடுக்கறது. நாம மேல சொன்ன மூணாவது படி ஞாபகம் வருதா? ஆனா 'பீ ஸ்டில்' வேத வாசகமா மட்டும் ஒலிக்குது. பாட்டியோட அதட்டல் அதுல குறையுது. தமிழ்ல திண்ணையும் கோயிலும் ஒரே தொடர்ல உட்கார்ந்திருக்கே, அந்த ரெண்டும் சேர்ந்து வரலை.

ஸ்பானிஷ்ல என்ன ஆகுது தெரியுமா? ஓடி ஆடற பையனைப் பார்த்து ஸ்பானிஷ் அம்மா கத்தறது 'எஸ்தாத்தே கியேத்தோ!' 'எஸ்தார்' வினை, 'இரு'. 'கியேத்தோ', ஆடாம அமைதியா. அட, நம்ம பாட்டி சொன்னதேதான்! புழக்கத்துல இருக்கற ஒரு ஸ்பானிஷ் பைபிள்ல அதே 46-வது சங்கீதத்துலயும் இந்த 'எஸ்தார்', 'கியேத்தோ' ஜோடிதான், பன்மையில. சமையல்கட்டும் வேதமும் ஒரே தொடர்ல! இங்கிலீஷைத் தாண்டிப் போனா, நம்ம தமிழும் தூரத்து ஸ்பானிஷும் பக்கத்து வீட்டுக்காரங்களா நிக்கறாங்க.

அப்ப இங்கிலீஷ்காரருக்கு என்னதான் வழி? ஆசிரமம் சார்ந்த புத்தகங்களைப் புரட்டினா, பல இடத்துல 'சும்மா'வையே இங்கிலீஷ் எழுத்துல அப்படியே போட்டுப் பக்கத்துல விளக்கம் கொடுத்திருப்பாங்க. இது தோல்வி இல்லை பாஸ். நம்ம 'கட்டுமரம்' இங்கிலீஷ்ல 'கட்டமரான்' ஆகலையா? 'மிளகுத்தண்ணி' 'மல்லிகடானி' ஆகலையா? ஸ்பானிஷ்ல 'குட்டி ஈ'ன்னு அர்த்தம் தர்ற 'மொஸ்கீத்தோ'வைத்தானே இங்கிலீஷ்காரர் கொசுவுக்கு வச்சுக்கிட்டார்? பொருத்தமான வார்த்தை இல்லைன்னா, மூல வார்த்தையையே கூட்டிட்டுப் போறதும் ஒரு மொழிபெயர்ப்புதான்.

இன்னொண்ணு. இந்த வேலையைத் தனியா செய்யணும்னும் இல்லை. முருகனார் தொகுத்த 'குருவாசகக் கோவை'க்கு ஒண்ணுக்கு மேற்பட்ட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கு. காந்தி நூல் தொகுதிகளின் தலைமைப் பதிப்பாசிரியரா இருந்த பேராசிரியர் கே.சுவாமிநாதன் ஒண்ணு செய்தார். சாது ஓமும் மைக்கேல் ஜேம்ஸும் சேர்ந்து ஒண்ணு செய்தாங்க. டி.வி.வெங்கடசுப்ரமணியன், ராபர்ட் பட்லர், டேவிட் காட்மேன் மூணு பேரும் சேர்ந்து 2008-ல் ஒண்ணு கொண்டுவந்தாங்க. தமிழ் வீட்டுல பிறந்தவர் ஒரு பக்கம், இங்கிலீஷ் வீட்டுல பிறந்தவங்க ஒரு பக்கம். 'இது சரியான அர்த்தமா'ன்னு கேட்க ஒரு ஆள், 'இப்படி யாராவது பேசுவாங்களா'ன்னு கேட்க ஒரு ஆள். ரெண்டு காதும் வேணும்.

உங்ககிட்ட என்ன இருக்கு தெரியுமா?

'எனக்கு இங்கிலீஷ் சரியா வராது சார், தமிழ் மீடியம்'னு இன்டர்வியூவுக்கு முன்னாடியே சோர்ந்து போறீங்களே, உங்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னோம். செங்கம் ரோடு டீக்கடையில உட்கார்ந்திருக்கற ஸ்பானிஷ்காரரும் உங்க மாதிரியேதான் தடுக்கி விழறார். 'நான் இங்க வந்து மூணு மாசம் ஆச்சு'ங்கறதை நீங்க 'ஐயாம் ஹியர் சின்ஸ் த்ரீ மன்த்ஸ்'னு சொல்வீங்க. அவர் மொழியில 'நான் இங்க மூணு மாசம் சுமக்கிறேன்'. அவரும் இங்கிலீஷ்ல அதே பள்ளத்துல விழுவார். எழுந்திரிச்சு ரெண்டு பேரும் 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ மன்த்ஸ்'னு கத்துக்கணும். தப்பு அறிவுல இல்லை. ஒரு வீட்டுச் சாவியால இன்னொரு வீட்டைத் திறக்கப் பார்க்கறோம், அவ்வளவுதான்.

இதையே வேலையாவும் ஆக்கிக்கலாம். ஸ்பானிஷைத் தாய்மொழியா பேசறவங்க உலகத்துல சுமார் 50 கோடி. டெல்லி ஜே.என்.யூ., ஐதராபாத் இ.எஃப்.எல்.யூ. ரெண்டு இடத்துலயும் ஸ்பானிஷ் படிக்கலாம். டெல்லியில ஸ்பெயின் அரசோட 'இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டெஸ்' இருக்கு. 'டெலே'ங்கற தேர்வு ஏ1-ல் ஆரம்பிச்சு சி2 வரை 6 நிலை. போன்ல டிரான்ஸ்லேஷன் ஆப் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, நல்லா உதவும். ஆனா அந்த வார்த்தை துக்க வீட்டுலயா, ஹாஸ்டல் ரூம்லயா, யார் முகத்தைப் பார்த்து சொல்லப்பட்டதுன்னு அதுக்கு யார் சொல்றது? நீங்கதான்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஹாஸ்டல்ல புழங்கற பத்துத் தொடரை எழுதுங்க. கடலை, மொக்கை, பல்பு, எல்லாம்தான். ஒவ்வொண்ணையும் அதே சூழ்நிலையில லண்டன் பையன் எப்படிச் சொல்வான்னு தேடுங்க. கிடைக்காத ரெண்டு மூணு கண்டிப்பா மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீங்க. அது உங்ககிட்ட மட்டும் இருக்கற சரக்கு. அடுத்த தடவை கிரிவலம் போகும்போது ரமணாசிரமம் பக்கத்துல ஒரு டீ சொல்லிட்டு, எதிர் பெஞ்சுல இருக்கறவருக்கு அதை விளக்கிப் பாருங்க. பதிலுக்கு அவர் ஊர் தொடர் ஒண்ணைக் கேட்டு வாங்கிக்குங்க.

அவர் 'முடியை எடுக்கறீங்க'ன்னு சொன்னா பயப்படாதீங்க. 'ச்சே ச்சே, நிஜமாத்தான் சொல்றேன்'னு சொல்லுங்க.

நாங்களும் சும்மா சொல்லலை!